மட்கார்ட் வேறு, மட்ஃப்ளாப் வேறு: கொழும்பில் புதிதாக வாகனம் வாங்கியவர்களுக்கு

பஞ்சிகாவத்தைக் கடையொன்றில் நின்று "மட்கார்ட் வேண்டும்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மூன்று வேறு பொருட்களில் எதுவும் மேசைக்கு வரலாம். ஒன்று, சில்லுக்கு மேலே வளைந்து நிற்கும் பெயின்ட் அடித்த உடற்தகடு. இரண்டாவது, அந்தத் தகட்டுக்கு உள்ளே பொருந்தும் கறுப்புப் பிளாஸ்டிக் வளைவு. மூன்றாவது, சில்லுக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு. விலையில் இவற்றுக்கிடையே பெரிய இடைவெளி உண்டு. வேலையும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கி வந்தால் மாட்ட இடமே இருக்காது.  பிளாஸ்டிக் உடைந்திருந்தால் விற்ற கடை அதைத் திருப்பி எடுப்பது அரிது.

இந்தக் கட்டுரை, யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, முதல் வாகனத்தை வாங்கியவர்களுக்கானது. பெரும்பாலும் அது ஏற்கெனவே ஒருவரோ இருவரோ ஓட்டிய வாகனமாக இருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த வாகனங்களையே திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டினோம். அதனால் சில்லைச் சுற்றியுள்ள பாகங்கள் பாதி கழன்று, கம்பியால் கட்டப்பட்ட நிலையில் உங்கள் கைக்கு வருவது மிகச் சாதாரணம்.

முதலில், தண்ணீர் எங்கே பாய்கிறது?

எந்தப் பாகம் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள ஒரே வழி, ஓடும் சில்லில் ஒட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பார்ப்பதுதான். டயரின் பள்ளங்களில் ஏறிய தண்ணீர், எந்த இடத்தில் டயரை விட்டுக் கழல்கிறதோ, அந்த இடத்தில் டயர் நகரும் திசையிலேயே நேராகப் பாயும். தரையைத் தொட்டு எழுந்த உடனேயே கழன்ற தண்ணீர் பின்னோக்கி, வீதிக்குச் சற்று மேலாகப் போகும். இன்னும் கொஞ்சம் மேலேறிப் பின்பக்கத்தில் கழன்றது செங்குத்தாக மேலே பாயும். உச்சியில் கழன்றது முன்னோக்கி வரும்.

மேலேயும் முன்னாலும் பாய்வதைத் தடுப்பது மட்கார்ட். அது சில்லின் மேல் வளைவாக நிற்கும். தாழப் பின்னோக்கிப் பாய்வதைத் தடுப்பது மட்ஃப்ளாப். அது சில்லுக்குப் பின்னே தொங்கும். மட்கார்ட் முடிகிற இடத்தில் மட்ஃப்ளாப் தொடங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் சைக்கிள் முதல் லொறி வரை எந்த வாகனத்திலும் தடுமாற மாட்டீர்கள்.

இரண்டாலும் தடுக்க முடியாத தண்ணீரும் உண்டு. குட்டையில் டயர் இறங்கும்போது, அடியில் நசுங்கிப் பக்கவாட்டில் பீறிடும் தண்ணீரை எந்தத் தகடும் மறிக்காது. பஸ் தரிப்பிடத்தில் வெள்ளைச் சீருடையோடு நிற்கும் பிள்ளையை நனைப்பது அதுதான். அதற்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு பாகம் கிடையாது.

காரில் இந்தப் பெயர்கள் எங்கே பொருந்துகின்றன?

சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, லொறி ஆகியவற்றில் மட்கார்ட் தனியாகக் கண்ணுக்குத் தெரியும். காரில் அது உடற்பகுதியோடு கலந்துவிட்டது. முன் சில்லுக்கு மேலேயுள்ள தகட்டைக் கடைக்காரர் ஃபெண்டர் என்பார். அது போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. கழற்றி வேறு போடலாம். பின் சில்லுக்கு மேலேயுள்ள தகடு உடலோடு வெல்டிங் செய்யப்பட்டது. அது நசுங்கினால் கடையில் வாங்கி மாட்டும் பேச்சுக்கு இடமில்லை, டிங்கரிங் வேலைதான்.

ஃபெண்டருக்கு உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கால் ஆன ஃபெண்டர் லைனர் இருக்கும். சில்லு எறியும் சேற்றையும் கல்லையும் நேரடியாக வாங்கிக்கொள்வது இதுவே. பழைய மட்கார்ட்டின் உண்மையான வேலையைக் காரில் செய்வது வெளித்தகடு அல்ல, இந்த லைனர்தான். வெளியே தெரியாத பொருள் என்பதால் இதை எவரும் கவனிப்பதில்லை. கழன்றாலும் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

கொழும்பில் அப்படி விடுவது கெடுதல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை என்று ஆண்டின் பெரும்பகுதி வீதி ஈரமாகவே இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை, தெஹிவளை வரை காலி வீதியிலும் மரைன் டிரைவிலும் வாகனம் வைத்திருப்பவர்களுக்குக் கடலின் உப்புக்காற்று கூடுதல். லைனர் கிழிந்த இடத்தால் சேறும் சருகும் உள்ளே போய், ஃபெண்டருக்கும் லைனருக்கும் இடையே அடைந்துகொள்ளும். அது காயவே காயாது. தகடு உள்ளிருந்து துருப்பிடித்து, வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதற்குள் உள்பக்கம் அரித்துப் போயிருக்கும். அதோடு, சில்லு எறியும் தண்ணீர் என்ஜின் பக்கமாகப் புகுந்து வயர் இணைப்புகளையும் ஹோனையும் பெல்ட்டுகளையும் நனைக்கும்.

பெயர்க் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது கடையில் உங்களுக்குச் செலவு வைக்கக்கூடியது. டொயோட்டாவின் பாகப் பட்டியலில் மட்கார்ட் என்று அச்சிட்டிருப்பது, நாம் மட்ஃப்ளாப் என்று சொல்லும் அந்தத் தொங்கும் துண்டைத்தான். ஹொண்டா லைனரை இன்னர் ஃபெண்டர் என்கிறது. ஆகவே இணையத்தில் பார்த்த பெயரை அப்படியே கடையில் சொன்னால் வேறு பொருள் வரலாம். பெயரோடு சேர்த்து, அது இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள்: "சில்லுக்குப் பின்னால் தொங்குவது", "ஃபெண்டருக்கு உள்ளே வரும் பிளாஸ்டிக்". இப்படிச் சொன்னால் பிழை வராது.

உங்கள் வாகனத்தில் எது இல்லை என்று கண்டுபிடித்தல்

மழையில் ஓடிவிட்டு வந்த மாலை, வாகனத்தைக் கழுவாமல் சமதரையில் நிறுத்துங்கள். சேறு எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். முன் கதவின் கீழ்ப்பகுதியிலும் அதற்குக் கீழேயுள்ள விளிம்பிலும் புள்ளி புள்ளியாகச் சேறு நிறைந்திருந்தால், முன் மட்ஃப்ளாப் இல்லை அல்லது மிகச் சிறியது. பின் பஃபரின் மூலைகளிலும் வாகனத்தின் பின்புறக் கதவிலும் (டிக்கிக் கதவு) அதே புள்ளிகள் இருந்தால், பின் மட்ஃப்ளாப்பைப் பாருங்கள். பொனற்றைத் திறந்தால் உள்ளே பற்றரி, பியூஸ் பெட்டிப் பக்கம் மணலும் சேறும் தெரிந்தால் லைனர் கிழிந்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

அடுத்து, ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்புங்கள். இடப்பக்க முன்சில்லின் பின்புறத்தைப் பார்க்க இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அப்போது டயரின் பின் விளிம்பு உள்ளே போய், மட்ஃப்ளாப் பூட்டும் இடம் திறந்து தெரியும். அதே சில்லின் முன்பக்கத்தில், பஃபரோடு லைனர் சேரும் மூலையைப் பார்க்க வலப்பக்கமாகத் திருப்புங்கள். லைனர் முதலில் கிழிவது பெரும்பாலும் அந்த முன்மூலையில்தான். நடைபாதைக் கல்லில் பஃபர் உரசும்போதும், வெள்ளத்தில் வேகமாக இறங்கும்போதும் அந்த மூலையில் லைனரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் முதலில் போகின்றன. மழை கொட்டும் நாளில் ஆமர் வீதியிலோ தும்முல்லைச் சந்தியிலோ தேங்கும் தண்ணீருக்குள் ஓட்டிவிட்டு வந்தால், மறுநாள் காலை இந்த மூலையைக் கட்டாயம் பாருங்கள்.

டயர் உரசும் ஓசையும் ஒரு தடயம். சந்தியில் திருப்பும்போது மட்டும் "சர்" என்று கேட்டு, நேராக ஓடும்போது நின்றுவிட்டால், தொங்கும் லைனர் டயரில் படுகிறது என்று அர்த்தம்.

வாங்குவதற்கு முன்பே வாகனத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. பொனற்றைத் திறந்து, ஃபெண்டரின் மேல் விளிம்பில் வரிசையாக இருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். பெயின்ட் உடைந்து சாவி பட்ட தடம் இருந்தால், அந்த ஃபெண்டரை யாரோ கழற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்க லைனரும் காணாமற் போயிருந்தால், அந்தப் பக்கத்தில் அடிபட்டதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். அடிபட்ட வாகனம் எல்லாம் கெட்ட வாகனம் அல்ல. ஆனால் அது விலைபேசும்போது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

கடைக்குப் போகுமுன்

பஞ்சிகாவத்தை மருதானைக்குப் பக்கத்தில், கொழும்பு 10இல் இருக்கிறது. வீதியின் இருபுறமும் ஒட்டி ஒட்டி உதிரிப்பாகக் கடைகள். ஒரு கடை டொயோட்டா மட்டும் வைத்திருக்கும், அடுத்தது சுசுக்கி, அதற்கடுத்தது பஃபரும் ஃபெண்டரும் மட்டும். பல கடைகளில் தமிழ் பேசுவார்கள். இல்லாத இடத்தில் நான்கு சிங்களச் சொற்கள் போதும்: முன்பக்கம் 'இஸ்ஸரஹ', பின்பக்கம் 'பிட்டிபஸ்ஸ', இடது 'வம', வலது 'தக்குண'. வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கடினம் என்பதால், முடிந்தால் வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, விவரங்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவது நிம்மதி.

கையில் இருக்க வேண்டியவை இவை. வாகனத்தின் சட்டக (செசி) இலக்கம். ஜப்பானிய வாகனமானால் அதன் முதல் எழுத்துகளே மாதிரியைச் சொல்லிவிடும். முதல் தலைமுறை டொயோட்டா அக்வா என்றால் என்.எச்.பி.10 என்று தொடங்கும். வெறுமனே வேகன் ஆர் என்று சொல்லாதீர்கள், எம்.எச்.34.எஸ், எம்.எச்.44.எஸ், எம்.எச்.55.எஸ் எல்லாம் வேகன் ஆர்தான், பாகங்களோ ஒன்றல்ல. வேகன் ஆரின் ஸ்டிங்ரே வகைக்கு முன் பஃபர் வேறு என்பதால் அதையும் சொல்லுங்கள். பழைய பாகம் உடைந்திருந்தாலும் அதைக் கையோடு கொண்டு போங்கள். அதுவும் இல்லாவிட்டால், மறுபக்கத்தில் நல்லபடியாக இருக்கும் அதே பாகத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இடது, வலது என்பதை எப்போதும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னே பார்க்கும் நிலையில் கணக்கிட வேண்டும். வாகனத்துக்கு முன்னால் நின்று பார்த்துச் சொன்னால் தலைகீழாகிவிடும். நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால், ஓட்டுநர் பக்கம் எல்லாம் வலது.

டொயோட்டா பாகமென்றால் இலக்கத்தின் முதல் ஐந்து எண்கள் அது என்ன பாகம் என்று காட்டும். முன் ஃபெண்டர் வலது 53811, இடது 53812. லைனர் வலது 53875, இடது 53876. முன் மட்ஃப்ளாப் வலது 76621, இடது 76622. பொதியில் ஒட்டியிருக்கும் துண்டிலோ பிளாஸ்டிக்கின் உள்முகத்திலோ இதைத் தேடிப் பாருங்கள். இலக்கம் இல்லாத மலிவுப் பாகங்களிலும் உள்முகத்தில் வலது, இடது என்பதற்கான ஆங்கில எழுத்துகள் புடைப்பாக இருப்பதுண்டு.

மட்ஃப்ளாப் வாங்கும்போது, உங்கள் மாதிரிக்கென்றே வார்க்கப்பட்டதைத் தேடுங்கள். எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தட்டையான துண்டு, ஃபெண்டர் விளிம்பின் வளைவோடு சேராது. இடைவெளியில் சேறு அடையும். லைனரில் பழையதா புதியதா என்று கேட்டால் என் கருத்து இதுதான்: ஜப்பானிலிருந்து வந்த பழைய அசல் லைனர், துளைகள் கிழியாமலிருந்தால், மெல்லிய புதிய போலியைவிட நன்றாகப் பொருந்தும். வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளிப் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்பதே முதல் சோதனை. மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெளிறி நொறுங்கும் பிளாஸ்டிக்கை வாங்காதீர்கள். கிளிப்புகளை மட்டும் புதிதாகவே வாங்குங்கள், தேவைக்குமேல் சிலவற்றையும் சேர்த்து. கழற்றும்போது சில உடையத்தான் செய்யும்.

பூட்டுதல்

லைனர், மட்ஃப்ளாப் இரண்டையும் வீட்டு முற்றத்திலேயே மாட்டலாம். ஃபெண்டர் வேலையைக் கராஜுக்கு விட்டுவிடுங்கள். கதவோடும் பொனற்றோடும் இடைவெளி ஒத்துவரும்படி அதைப் பொருத்துவது பழகிய கைக்குரியது, பெயின்ட் வேலையும் சேர்ந்து வரும்.

கையில் ஒரு கூட்டல் தலை ஸ்க்ரூ டிரைவர், ஒரு தட்டைத் தலை, 10 மில்லிமீற்றர் சொக்கட் இருந்தால் பல வாகனங்களுக்குப் போதும். கைப்பிரேக்கை இழுத்து, எதிர்ப்பக்கச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியால் உயர்த்த வேண்டி வந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். முதலில் சில்லு வளைவைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். மணலோடு கழற்றினால் திருகாணியின் மரை கெட்டுவிடும்.

புதியவர்கள் தடுமாறுவது கிளிப்பில்தான், ஆகவே அதைக் கிட்டத்தில் பார்ப்போம். வட்டத் தலை, அதன் நடுவே இன்னொரு சிறிய வட்டம். சிறிய வட்டத்தின் ஓரத்தில் தட்டை ஸ்க்ரூ டிரைவர் நுழையும் சிறு வெட்டு இருந்தால், அது இழுக்கும் வகை. நடுவட்டத்தை நெம்பி வெளியே உயர்த்துங்கள், பிறகு முழுக் கிளிப்பும் கையோடு வரும். வெட்டு இல்லாமல், நடுவட்டம் சற்றுக் குழிந்து இருந்தால் அது அழுத்தும் வகை. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நடுவை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். இரண்டு, மூன்று மில்லிமீற்றர் போனதும் "டிக்" என்று நிற்கும். அதற்குமேல் தள்ளினால் ஊசி உள்ளே விழுந்துவிடும். இப்போது தலையை நெம்பினால் கழன்றுவிடும். திரும்பப் போடும்போது, பின்னாலிருந்து ஊசியைத் தள்ளி முன்னே துருத்தி நிற்கச் செய்து, கிளிப்பைத் துளையில் வைத்து, பிறகு நடுவைத் தலையோடு சமமாகும்வரை அழுத்துங்கள். எந்த வகை என்று தெரியாமல் பலத்தால் இழுத்தால்தான் லைனரின் துளை கிழிகிறது.

லைனரைப் பொருத்தும்போது, அதன் விளிம்பு பஃபருக்கு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதை மறுபக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எல்லாக் கிளிப்புகளையும் துளைகளில் தளர்வாக வைத்துவிட்டு, பிறகே ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கம்பியாலும் பிளாஸ்டிக் பட்டியாலும் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கம்பி ஃபெண்டர் விளிம்பில் உரசிப் பெயின்டைத் தின்றுவிடும், துரு அங்கேயே தொடங்கும்.

மட்ஃப்ளாப்புக்குத் தகட்டைத் துளைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடியவரை வேண்டாம். லைனரைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் துளைகளையே பல மாதிரிகளில் மட்ஃப்ளாப்பும் பயன்படுத்தும். சற்று நீளமான திருகாணி போட்டால் போதும். துளைத்தே ஆகவேண்டிய இடமானால், துளையின் வெறுந்தகட்டுக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் பூசி, காய்ந்த பின் பூட்டுங்கள். உப்புக்காற்றில் பெயின்ட் இல்லாத துளை ஒரே மழைக்காலத்தில் பழுப்பாகிவிடும்.

பூட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, டயருக்கும் ஃப்ளாப்புக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு பின்னிருக்கையில் ஆட்களை ஏற்றி மறுபடியும் பாருங்கள். பாரம் ஏறும்போது உடல் இறங்கும், ஃப்ளாப்பின் அடிவிளிம்பும் தரைக்குக் கிட்டே வரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிக் குடியிருப்புகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் சரிவு முடியும் இடம் அதற்கு நல்ல சோதனை. பின்னோக்கி நிறுத்தும்போது, சில்லு முட்டும் கொங்கிரீட் கட்டையில் ஏறிவிடாமல் சற்று முன்னமே நிறுத்தப் பழகுங்கள். ஃப்ளாப் கட்டைக்கும் டயருக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் திருகாணியோடு பிய்ந்துவரும்.

இரண்டு சில்லு, மூன்று சில்லு, லொறி

மோட்டார் சைக்கிளில் முன் மட்கார்ட்டின் நுனியில் தொங்கும் சிறு ரப்பர் துண்டுதான் மட்ஃப்ளாப். அது போய்விட்டால் சேறு நேராக என்ஜினிலும் ஹோனிலும் உங்கள் காலணியிலும் அடிக்கும். வாங்குவதற்கு மிகச் சிறிய தொகைதான். பின் மட்கார்ட்டை அழகுக்காக வெட்டிவிடுவதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பேஸ்லைன் வீதியில் மழையில் உங்களுக்குப் பின்னால் வருபவரின் ஹெல்மட் கண்ணாடிக்கு அந்தச் சேறு முழுவதும் போகிறது. ஒரு கணம் வீதி தெரியாமற் போவது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

முச்சக்கர வண்டியில் முன் மட்கார்ட் சில்லோடு சேர்ந்து திரும்பும். அதன் பிடிமானத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பின் சில்லுகளுக்குப் பின்னே ரப்பர் ஃப்ளாப்புகள் தொங்கும்.

லொறியிலும் பஸ்ஸிலும் ஃப்ளாப் தண்ணீருக்கு மட்டுமல்ல, கல்லுக்கும்தான். பின்னால் இரட்டைச் சில்லு எறியும் கல் பின்வரும் காரின் கண்ணாடியை உடைக்க வல்லது. அகலம் இரண்டு டயரையும் மறைக்க வேண்டும். ரப்பர் மெல்லியதாக இருந்தால் வேகத்தில் காற்று அதைத் தூக்கிவிடும். அடிவிளிம்பில் தட்டை இரும்புப் பட்டியொன்றை வைத்துப் பூட்டுவது அதனால்தான்.

எந்த வாகனமானாலும், புதிதாகப் பூட்டிய திருகாணிகளை முதல் கனமழைக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் தன் இடத்தில் படிந்ததும் அவை சற்றுத் தளரும். அதன் பின் டயருக்குக் காற்று அடிக்கும் ஒவ்வொரு முறையும், குனிந்த குனிவிலேயே ஃப்ளாப்பையும் லைனரின் முன்மூலையையும் கையால் அசைத்துப் பார்த்தால் போதும்.